ஒடீல் கூரை ஏறிய சனிக்கிழமை

ஷாந்தல்: இல்ல அத்தை, இன்னும் அதே இரைச்சல்தான்.

ஒடீல்: எந்த மாதிரி இரைச்சல்? சட்டியில பன்னிக்கறி பொரியற மாதிரியா, தகரத்துல மழை பெய்யற மாதிரியா?

ஷாந்தல்: மழை மாதிரி. நடுநடுவுல ஒருத்தன் அக்கார்டியன் வாசிக்கிறான்.

ஒடீல்: அக்கார்டியனா! தீயணைப்பு வண்டியிலயா?

ஷாந்தல்: ஆத்துக்கு அந்தப் பக்கத்து கனடாக்காரங்க ரேடியோ அத்தை. அவங்க கோபுரம் நம்ம மூக்குக்கு நேரா நிக்குது. அதான் தீயணைப்புக்காரங்க பேச்சைக் கேக்கற நம்ம ஸ்கேனருக்குள்ள புகுந்துக்குது.

ஒடீல்: பாட்டு நல்லா இருக்கா?

ஷாந்தல்: அத்தை, நீங்க கூரை மேல நிக்கிறீங்க. அது ஞாபகம் இருக்கட்டும்.

ஒடீல்: கூரை மேல நிக்கிறது காலு. காது சும்மாதானே இருக்கு.

ஷாந்தல்: இறங்கி வாங்க, நான் ஏறறேன். அறுபத்தாறு வயசுல போய்...

ஒடீல்: அறுபத்தஞ்சு. நவம்பர் வரைக்கும் அறுபத்தஞ்சுதான். நீ அந்த ஜன்னலை விட்டு நகராதே. ஸ்கேனர் பக்கத்துல காதை வச்சிக்கிட்டு, கேக்குதா கேக்கலையான்னு மட்டும் சொல்லு.

ஷாந்தல்: லூக் பாத்தா என்னைத்தான் திட்டுவார். 'எங்கம்மாவை கூரையில ஏத்திட்டு நீ சமையல்கட்டுல நின்னு வேடிக்கை பாத்தியா'ன்னு.

ஒடீல்: அவன் எங்க பாக்கப் போறான்? அறுவடை முடியற வரைக்கும் உருளைக்கிழங்கு லாரியை விட்டு இறங்க மாட்டான். இடுப்புல இருக்கிற பேஜர் கத்தினா மட்டும் இறங்கி, தீயணைக்க ஓடுவான். சாயங்காலம் வீடு வர்றப்போ நான் அடுப்பு முன்னாடி நின்னு ப்ளாய் தோசை சுட்டுக்கிட்டு இருப்பேன், ஒண்ணுமே நடக்காத மாதிரி.

ஷாந்தல்: அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? இத்தனை வருஷமா இது கரகரன்னுதானே இருந்துச்சு. நீங்களும் அதைப் பக்கத்துல வச்சிக்கிட்டுதானே தையல் தைச்சீங்க.

ஒடீல்: போன மாசம் டூபே வீட்டு மாட்டுக் கொட்டகை எரிஞ்சப்போ என்ன ஆச்சு? சொல்லு.

ஷாந்தல்: எரிஞ்சுச்சு.

ஒடீல்: எரிஞ்சது இருக்கட்டும். நாம காப்பியும் ரொட்டியும் எடுத்துக்கிட்டு போய்ச் சேர்றதுக்குள்ள, பக்கத்து ஊரு செயிண்ட் ஓமர் பொம்பளைங்க பீன்ஸ் சட்டியோட வந்து நின்னாளுங்க! நம்ம ஊர்த் தீ. நம்ம ஊர் ஆம்பளைங்க. தின்னது அவளுங்க பீன்ஸு! லூக் ரெண்டாந்தடவை வாங்கித் தின்னான், நான் கண்ணால பாத்தேன்.

ஷாந்தல்: பசிச்சிருக்கும் அத்தை.

ஒடீல்: பசிக்கட்டுமே. பெத்தவ வர்ற வரைக்கும் பசிக்கட்டும். அவளுங்க எப்படி முன்னாடி வந்தாளுங்க? நல்ல ஸ்கேனர். எங்க தீ, எந்தப் பக்கம் வழி, எத்தனை பேரு... எல்லாம் கேக்குது. நமக்கு? கண்ட்ரோல் ரூம் பாலின் பேசறது மட்டும் கேக்குது. நம்ம ஆளுங்க பதில் சொல்றது கேக்கவே மாட்டேங்குது. பாவசங்கீர்த்தனத்துல சாமியார் பேசறதை மட்டும் கேட்ட மாதிரி. தண்டனை என்னன்னு தெரியுது, பாவம் என்னன்னு தெரியல.

ஷாந்தல்: சிரிக்க வைக்காதீங்க, ஸ்கேனர் கை நழுவுது. சரி, அத்தை... அந்த பூஸ்டரைக் கழட்டிப் பாப்பமா?

ஒடீல்: பூஸ்டரையா? சத்தத்தைப் பெருசு பண்ணத்தானே அதை வாங்கி மாட்டினோம்?

ஷாந்தல்: எல்லாச் சத்தத்தையும் பெருசு பண்ணுது. அக்கார்டியனையும் சேத்து. தூரத்துல பேசற நம்ம ஆளு குரல் அதுக்கு அடியில நசுங்கிப் போயிடுது.

ஒடீல்: ம்... கழட்டிட்டேன். கேபிளை நேரா சொருகிட்டேன். இப்போ?

ஷாந்தல்: அக்கார்டியன் போயிடுச்சு!

ஒடீல்: பாவம், நல்லா வாசிச்சான்.

ஷாந்தல்: மழையும் குறைஞ்சிருக்கு. ஆனா இப்போ வேற ஒண்ணு கேக்குது. டக்... டக்... டக்... கடிகாரம் மாதிரி.

ஒடீல்: விட்டு விட்டா?

ஷாந்தல்: ஒரு நொடிக்கு ஒண்ணு.

ஒடீல்: மாதாவே! நம்ம ஆட்டு வேலி. மின்சாரம் விட்டு விட்டுத்தானே அடிக்கும் அது? போய் ஸ்விட்சை அணை.

ஷாந்தல்: ஆடு வெளிய போயிடுமே.

ஒடீல்: அதுக்குத் தெரிஞ்சாத்தானே போகும்? போ, ஓடு.

ஷாந்தல்: ...அணைச்சிட்டேன். டக்டக் நின்னுடுச்சு. அந்த வெள்ளை ஆடு என்னை ஒரு மாதிரி பாத்துச்சு அத்தை. அதுக்குத் தெரிஞ்சிடுச்சு.

ஒடீல்: முட்டைக்கோசுக்கு மேல அதால என்ன தின்ன முடியும்? விடு. இப்போ என்ன கேக்குது?

ஷாந்தல்: பாலின் குரல் கணீர்னு வருது. நம்ம வண்டிங்க... இல்ல. ஒரு சொல்லு வருது, அறுந்து போகுது. அத்தை, அந்த ஆன்டெனா இப்போ எப்படி இருக்கு? கம்பியெல்லாம் படுத்திருக்கா?

ஒடீல்: உன் மாமனார் டி.வி.யில ஹாக்கி பாக்க மாட்டி வச்சது. மீன் முள்ளு மாதிரி படுத்துக்கிட்டு இருக்கு.

ஷாந்தல்: அதை ஒருக்களிச்சு நிமித்துங்க. கம்பிங்க எல்லாம் மேலயும் கீழயும் நிக்கற மாதிரி. வண்டி மேல இருக்கிற ஆன்டெனா நேரா நிக்குது பாருங்க. அது நின்னுக்கிட்டு பேசினா, இங்கயும் நின்னுக்கிட்டுத்தான் கேக்கணும்.

ஒடீல்: இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?

ஷாந்தல்: யாரும்... ஒரு புஸ்தகத்துல படிச்சேன்.

ஒடீல்: ம். நல்ல புஸ்தகம். போல்ட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு, இரு... அசைய மாட்டேங்குது... அசைஞ்சிடுச்சு. நிமித்திட்டேன். கேக்குதா?

ஷாந்தல்: ஷ்ஷ்.

ஒடீல்: கேக்குதாங்கறேன்!

ஷாந்தல்: ஷ்ஷ் அத்தை!

ஸ்கேனர்: ...கண்ட்ரோல், இது எஞ்சின் ஒண்ணு. வாராந்தர சோதனை. நல்லாக் கேக்குதா?

ஷாந்தல்: கேக்குது! அத்தை, கேக்குது! எஞ்சின் ஒண்ணு வண்டியை ஓட்டற மார்செல்! பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு!

ஒடீல்: சத்தமா வை, நானும் கேக்கறேன்!

ஸ்கேனர்: ...இன்னொரு விஷயம். நிலையத்துல பெட்டியில வச்சிருந்த கடைசி டோனட்டை எடுத்தவர் யாருன்னு தலைவர் கேக்கறார்.

ஒடீல்: ஹா! கேட்டியா! செயிண்ட் ஓமர்க்காரிங்களுக்கு டோனட்டு காணாமப் போனது தெரியுமா? நமக்குத் தெரியும்!

ஷாந்தல்: ஆடாதீங்க அத்தை, கூரை!

ஒடீல்: யாரு ஆடறது? காத்து. சரி, போல்ட்டை முறுக்கிட்டு இறங்கறேன். காப்பி போடு.

ஷாந்தல்: இருங்க. டோன் அடிக்குது.

ஒடீல்: எந்த டோனு?

ஷாந்தல்: நம்ம ஊர் டோன். ரெண்டு சத்தம், ஒண்ணு தாழ்ந்து ஒண்ணு உசந்து. அழைப்பு.

ஸ்கேனர்: பிளாக் புரூக் ரோடு, வூலெட் உருளைக்கிழங்குக் கிடங்கு. கிடங்குக்குள்ள புகை. உள்ள ஆள் இருக்கலாம். எஞ்சின் ஒண்ணு கிளம்பவும். செயிண்ட் ஓமர் தண்ணி டாங்கரும் கிளம்பவும்.

ஒடீல்: வூலெட் கிடங்கா... எமில் கிடங்கு! அது மலைச்சரிவுக்குள்ள புதைச்சுக் கட்டினதாச்சே. ஒரே கதவு. ஷாந்தல்? ...ஷாந்தல்! கதவு சத்தம் கேக்குது. எங்க கிளம்பற?

ஷாந்தல்: எங்கயும் இல்ல... கால்ல பூட்ஸை மாட்டினேன். ஆடு... ஆட்டைப் பாக்கலாம்னு.

ஒடீல்: ஆட்டை விடு. ஜன்னலுக்கு வா.

ஷாந்தல்: வந்துட்டேன்.

ஒடீல்: லூக் போயிருப்பானா?

ஷாந்தல்: அவர் லாரி ஓட்டற வயல்ல இருந்து அந்தக் கிடங்கு ரெண்டு மைல்தான். மார்செல் வண்டியோட வர்றதுக்குள்ள அவர் அங்க நின்னுடுவார்.

ஸ்கேனர்: ...எஞ்சின் ஒண்ணு, வந்து சேந்துட்டோம். கதவு வழியா கறுப்புப் புகை. கிழங்கை ஏத்தற கன்வேயர் மோட்டார்ல இருந்து பிடிச்சிருக்கு. ஒரு ஆள் வெளிய வந்துட்டார். இன்னொருத்தர்... உள்ள... எமில்...

ஷாந்தல்: போச்சு. அறுந்துடுச்சு.

ஒடீல்: எமில் உள்ளயா? எமில் உள்ளன்னா சொன்னான்?

ஷாந்தல்: அப்படித்தான் கேட்டுச்சு.

ஒடீல்: முட்டாப்பய! மோட்டாரை நிறுத்தப் போயிருப்பான். லூக்கோட பள்ளிக்கூடத்துல படிச்சப்பவும் அப்படித்தான், எது உடைஞ்சாலும் கையை உள்ள விடுவான். மறுபடி என்ன சொல்றாங்க?

ஷாந்தல்: ஒண்ணும் வரல. பாலின்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. 'எஞ்சின் ஒண்ணு, பதில் சொல்லுங்க... எஞ்சின் ஒண்ணு...' யாரும் பதில் சொல்லல.

ஒடீல்: ஏன் சொல்லல?

ஷாந்தல்: சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க அத்தை. வண்டியை விட்டு இறங்கி கை ரேடியோவுல பேசறாங்க. அது பலம் கம்மி. அவங்க நிக்கிறது பள்ளத்துல. பாலினோட கோபுரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல மலை. பாலின் பேசறது அவங்களுக்குக் கேக்கும், அவங்க பேசறது பாலினுக்குக் கேக்காது.

ஒடீல்: நமக்குக் கேக்கணுமே? நம்ம வீடு மேட்டுல இருக்கு. இங்க நின்னா எனக்கு அந்தப் பள்ளம் தெரியுது... புகை தெரியுது ஷாந்தல். நிறைய.

ஷாந்தல்: ஆன்டெனா எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு?

ஒடீல்: பாலின் கோபுரத்துப் பக்கம்.

ஷாந்தல்: திருப்புங்க. புகையைப் பாத்து திருப்புங்க. பாலின் போயிடுவாங்க, பரவாயில்ல. எனக்கு அவங்க குரல் வேணும்.

ஒடீல்: திருப்பறேன்... போதுமா?

ஷாந்தல்: இன்னும்.

ஒடீல்: இப்போ?

ஷாந்தல்: ஒரு மூச்சு சத்தம் கேட்டுச்சு. இன்னும் கொஞ்சம்... இல்ல, தாண்டிட்டீங்க. திரும்ப வாங்க... அங்கயே! அங்கயே நில்லுங்க!

ஸ்கேனர்: ...பதினாலு பேசறேன். கண்ட்ரோல், கேக்குதா? பிளாக் புரூக் ஓடைப் பாலத்துல பலகையைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. அறிவிப்புப் பலகை கீழ விழுந்து கெடக்கு. டாங்கரை பாலத்து வழியா விடாதீங்க. கண்ட்ரோல்... கேக்குதா?

ஒடீல்: லூக்!

ஷாந்தல்: லூக்தான். பதினாலு அவர் நம்பர்.

ஒடீல்: கையை எடுத்தா ஆன்டெனா திரும்பிடுது. போல்ட்டு மறை தேஞ்சு போச்சு, பிடிக்க மாட்டேங்குது.

ஷாந்தல்: எடுக்காதீங்க!

ஒடீல்: எடுக்கல. கட்டிப் பிடிச்சிக்கிட்டேன். நீ போனை எடு. டாங்கர் அந்தப் பக்கத்துல இருந்துதானே வரும்? பாலத்துல ஏறினா ஓடையிலதான் கெடக்கும்.

ஷாந்தல்: கூப்பிடறேன்... பாலின்? மேட்டு ரோட்டுல இருந்து ஷாந்தல். எஞ்சின் ஒண்ணு உங்களைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு, உங்களுக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது. செய்தி சொல்றேன், எழுதிக்கோங்க. பிளாக் புரூக் பாலத்துல பலகை இல்ல. செயிண்ட் ஓமர் டாங்கரை பாலத்துக்கு முன்னாடியே நிறுத்துங்க. ரெண்டாவது, கிடங்குக்குள்ள ஒருத்தர், எமில் வூலெட். ...உறுதியாத்தான் சொல்றேன். பதினாலாம் நம்பர் குரல். என் வீட்டுக்காரர் குரல் எனக்குத் தெரியாதா? ...ஆமா. லைன்லயே இருங்க.

ஒடீல்: நிறுத்திட்டாங்களா?

ஷாந்தல்: சொல்லிக்கிட்டு இருக்காங்க... நிறுத்திட்டாங்க! பாலத்துக்கு கால் மைல் முன்னாடி! டிரைவர் பிரேக் அடிச்சு நின்னுட்டாராம்.

ஒடீல்: மாதாவுக்குத் தோத்திரம்.

ஸ்கேனர்: ...கண்ட்ரோல், பதினாலு. எஞ்சின்ல தண்ணி பாதிக்குக் கீழ போயிடுச்சு. டாங்கர் வேற வழியில வரணும். நானும் மார்செலும் எமிலைத் தேடி உள்ள போறோம். தண்ணி பத்து நிமிஷத்துக்குத் தாங்காது. கேக்குதா யாருக்காவது...

ஷாந்தல்: கேக்குது லூக், கேக்குது... பாலின், அடுத்த செய்தி. தண்ணி பாதிக்குக் கீழ. பத்து நிமிஷம் தாங்காது. ரெண்டு பேர் உள்ள போறாங்க, பதினாலும் மார்செலும். நேரம் குறிச்சுக்கோங்க. டாங்கருக்கு வேற வழி வேணும்.

ஒடீல்: கல்லறைக்குப் பின்னாடி வயல் பாதை இருக்குன்னு சொல்லு!

ஷாந்தல்: அத்தை, அந்தப் பாதையில டாங்கர் போகுமா?

ஒடீல்: நேத்துதான் அறுவடை இயந்திரம் போச்சு. அதைவிடவா டாங்கர் கனம்? நேரா கிடங்குக்குப் பின்னால கொண்டு போய் விடும்.

ஷாந்தல்: பாலின், கல்லறைக்குப் பின்னாடி வயல் பாதை. அறுவடை இயந்திரம் போற அளவுக்குக் கெட்டியா இருக்கு. ...என்ன? ...அத்தை, பாதையில இரும்புக் கேட்டு பூட்டியிருக்குன்னு டிரைவர் சொல்றாராம்.

ஒடீல்: பூட்டு என்னுது. வயல் என்னுது. பனியில ஸ்னோமொபைல் வண்டி ஓட்டற பசங்க வயலைக் கெடுக்கறானுங்கன்னு நான்தான் போன குளிர்காலத்துல பூட்டினேன். உடைக்கச் சொல்லு!

ஷாந்தல்: பாலின், கேட்டுக்குச் சொந்தக்காரங்க உடைக்கச் சொல்றாங்க.

ஒடீல்: மெதுவா உடைக்க வேண்டாம்னு சொல்லு. வண்டியாலயே இடிச்சுக்கிட்டு போகட்டும்!

ஷாந்தல்: ...இடிச்சுட்டாங்க அத்தை.

ஒடீல்: எனக்கே கேட்டுச்சு. இங்கிருந்து கேட்டுச்சு. ...ஷாந்தல், லூக் என்ன சொல்றான்?

ஷாந்தல்: ஒண்ணும் சொல்லல.

ஒடீல்: நான் ஆன்டெனாவை அசைச்சிட்டேனா?

ஷாந்தல்: இல்ல. அப்படியே இருங்க. உள்ள போயிட்டாங்க. உள்ள போனா பேச மாட்டாங்க, கை ரெண்டும் வேலையா இருக்கும். ஒரு கை சுவத்துல, ஒரு கை முன்னாடி போறவன் மேல.

ஒடீல்: எவ்வளவு நேரமாச்சு?

ஷாந்தல்: மூணு நிமிஷம்.

ஒடீல்: எவ்வளவு காத்து இருக்கும், முதுகுல இருக்கிற அந்த உருளையில?

ஷாந்தல்: இருக்கும் அத்தை. இன்னும் நிறைய இருக்கும். ...நாலு நிமிஷம். பாலின், நாலு நிமிஷம். இன்னும் செய்தி இல்ல.

ஒடீல்: அருள்நிறைந்த மரியே வாழ்க...

ஷாந்தல்: கை வலிக்குதா?

ஒடீல்: கையா, எந்தக் கை? ...கர்த்தர் உம்முடனே...

ஷாந்தல்: டாங்கர் கிடங்குக்குப் பின்னால போய்ச் சேந்துடுச்சாம். குழாய் மாட்டறாங்களாம். அத்தை, கேக்குதா? தண்ணி வந்துடுச்சு!

ஒடீல்: லூக்குக்குத் தெரியுமா, தண்ணி வந்தது?

ஷாந்தல்: பாலின் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அவங்க சொல்றது அவருக்குக் கேக்கும். ...அஞ்சு நிமிஷம்.

ஸ்கேனர்: ...

ஷாந்தல்: ஷ்ஷ்!

ஒடீல்: நான் ஒண்ணும் சொல்லலையே!

ஷாந்தல்: யாரோ பட்டனை அமுக்கறாங்க... இருமறாங்க...

ஸ்கேனர்: ...பதினாலு. வெளிய வந்துட்டோம். மூணு பேரும். எமிலுக்கு மூச்சு இருக்கு. எங்களைத் திட்டறான்.

ஷாந்தல்: வெளிய வந்துட்டாங்க! மூணு பேரும்! அத்தை, எமில் திட்டறானாம்!

ஒடீல்: திட்டறானா? அப்போ பொழைச்சுக்குவான்! அவன் திட்டலைன்னாத்தான் பயப்படணும்! ஹே! ஹேய்!

ஷாந்தல்: கூரையில குதிக்காதீங்க! பாலின், மூணு பேரும் வெளிய! ஆம்புலன்ஸையும் வயல் பாதையிலயே அனுப்புங்க, கேட்டு திறந்துதான் கெடக்கு! ...அத்தை, பாலின் அழறாங்க.

ஒடீல்: அழட்டும், நல்ல அழுகைதான். வேலையையும் பாக்கச் சொல்லு.

ஸ்கேனர்: ...கண்ட்ரோல், தலைவர் நோர்மான். டாங்கர் தண்ணி வருது. தீ அடங்குது. என் ஆளுங்க பேசினது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு? இந்தப் பள்ளத்துல இருந்து ஒரு நாளும் கேட்டதில்லையே.

ஷாந்தல்: போனை ஸ்கேனர்கிட்ட பிடிச்சேன், பாலின் கேட்டுட்டு பதில் சொல்றாங்க அத்தை. போன்ல எனக்குக் கேக்குது. 'மேட்டு ரோட்டுல ஒடீல் வீட்டுல இருந்து கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை சொன்னாங்க'ன்னு.

ஸ்கேனர்: ...எங்க வீட்டுல இருந்தா? கண்ட்ரோல், பதினாலு. அங்கிருந்து எப்படி... இருங்க. இங்கிருந்து எங்க வீடு தெரியுது. கூரை மேல நிக்கிறது யாரு? எங்கம்மாவா அது?

ஒடீல்: மாட்டிக்கிட்டேன்.

ஷாந்தல்: கையாட்டுங்க அத்தை.

ஒடீல்: கையை எடுத்தா அவன் குரல் போயிடுமே.

ஷாந்தல்: போகட்டும். அவர் பத்திரமா இருக்கார். ஆட்டுங்க.

ஒடீல்: ஆட்டிட்டேன். ...ஷாந்தல், அங்க ஒரு பொட்டு மாதிரி ஒருத்தன் தலைக்கவசத்தைக் கழட்டி ஆட்டறான். அவன்தானா?

ஷாந்தல்: அவராத்தான் இருக்கும். போனை வச்சிட்டேன். இறங்குங்க, ஏணியைப் பிடிச்சிக்கிறேன்.

ஒடீல்: விரல் நிமிர மாட்டேங்குது. கம்பியைப் பிடிச்ச மாதிரியே நிக்குது பாரு, கோழிக்கால் மாதிரி.

ஷாந்தல்: மெதுவா... அடுத்த படி... இன்னும் ஒண்ணு. வந்துட்டீங்க. கொடுங்க, தேச்சு விடறேன்.

ஒடீல்: போதும், விரல் நிமிந்துடுச்சு.

ஷாந்தல்: இருங்க, இன்னும் ஒரு விரல் பாக்கி.

ஒடீல்: ஆமா. நீ போன்ல பேசறப்போ தடுமாறவே இல்ல. நான் மேல இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சரி, உள்ள வா.

ஷாந்தல்: காப்பி போட்டு எடுத்துக்கிட்டு போலாமா? இப்போ கிளம்பினா நாமதான் முதல்ல. செயிண்ட் ஓமர்க்காரங்க இன்னும் பானையையே கழுவியிருக்க மாட்டாங்க.

ஒடீல்: அவளுங்களே கொண்டு வரட்டும். டாங்கர் அவங்க ஊருது, இன்னைக்கு பீன்ஸும் அவங்களுதா இருக்கட்டும்.

ஷாந்தல்: என்ன அத்தை சொல்றீங்க! அதுக்காகத்தானே இவ்வளவும் பண்ணினோம்?

ஒடீல்: உக்காரு கொஞ்சம்.

ஷாந்தல்: அத்தை... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு... இன்னைக்குச் சொல்லலைன்னா அப்புறம் சொல்லவே மாட்டேன்.

ஒடீல்: சொல்லு.

ஷாந்தல்: ஏப்ரல்ல இருந்து செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நான் தீயணைப்புப் பயிற்சிக்குப் போனேன். தேவாலயத்துல பாட்டுப் பயிற்சின்னு உங்ககிட்ட சொன்னது பொய். போன வாரம் தேர்வு எழுதித் தேறிட்டேன். திங்கக்கிழமையில இருந்து எஞ்சின் ஒண்ணுல நானும் போவேன். பத்தொம்பதாம் நம்பர் கொடுத்திருக்காங்க. ஒரு பிள்ளை போறதே உங்களுக்குப் பெரிய பாரம், இதுல நானும்னா நீங்க எப்படித் தாங்குவீங்கன்னு... பயந்துட்டேன். லூக்குக்கு மட்டும்தான் தெரியும். ...அத்தை? கோவமா?

ஒடீல்: உங்க தலைவன் நோர்மான் ஏப்ரல்லயே இங்க வந்து, இதே நாற்காலியில உக்காந்து, 'உன் மருமகளை எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்டான். அவளைவிட நல்ல ஆள் உனக்குக் கிடைக்காது, எடுத்துக்கோன்னு சொல்லி அனுப்பினேன்.

ஷாந்தல்: ஏப்ரல்லயேவா! அப்போ ஆறு மாசமா எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா... அந்த பீன்ஸு, காப்பி, செயிண்ட் ஓமர்... அதெல்லாம்?

ஒடீல்: உனக்கு ஏதாவது காரணம் சொல்லணுமே. லூக்குக்குக் காளைமாட்டுக் குரல், எந்த இரைச்சல்லயும் கேட்டுடும். பன்னெண்டு வருஷமா அவனுக்கு அந்தக் கரகர ரேடியோவே எனக்குப் போதுமா இருந்துச்சு. உன் குரல் மெல்லிசு ஷாந்தல். திங்கக்கிழமையில இருந்து அதுல ஒரு சொல்லு கூட அந்த மழையில காணாமப் போகக் கூடாதுன்னுதான் நான் கூரை ஏறினேன்.